பெஞ்சில் மூன்று ஆண்டா, கோல் கம்பத்தின் கீழ் இரண்டு ஆண்டா?

கேள்வி: எனக்கு வயது 30. தொழில்முறைக் கால்பந்துக் கோல்கீப்பர். முதல் டிவிஷன் கிளப் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இரண்டாவது கீப்பராக இருக்கிறேன். இந்த நான்கு ஆண்டுகளில் களத்தில் இறங்கியது ஆறே ஆட்டங்களில்தான். இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. அதே இடத்தில், அதே சம்பளத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கச் சொல்கிறது கிளப். இதற்கிடையில், ஒரு படி கீழே உள்ள டிவிஷனிலிருந்து இன்னொரு கிளப் என்னை முதல் கீப்பராக அழைக்கிறது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகள்தான். வரியும் முகவர் பங்கும் போக இப்போது ஆண்டுக்கு என் கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொண்டால், அங்கே 60 வரும். ஆடும் ஆட்டத்துக்கு ஏற்பத் தனித் தொகை உண்டு. சீசன் முழுவதும் ஆடினால் அது 15 வரை வரும். குடும்பச் செலவு 55. அதில் 12 வீட்டுக் கடன் தவணை, இன்னும் எட்டு ஆண்டுகள் கட்ட வேண்டும். சேமிப்பு 150 இருக்கிறது. கோல்கீப்பர்களுக்கான பயிற்சி அகாடமி தொடங்க அண்ணன் அதில் 80 கேட்கிறார். "கீப்பர்கள் நாற்பது வயது வரை ஆடுவார்கள், எதற்கு அவசரம், மூன்று ஆண்டுக்குக் கையெழுத்துப் போடு" என்கிறார் முகவர். மூன்று வாரங்களில் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் முகவர் சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தொழிலில் இருப்பவர்களை அதிகம் ஏமாற்றுகிற வாக்கியம் அது என்பது என் கருத்து.

கீப்பர்கள் நாற்பது வரை ஆடியது உண்மைதான். இத்தாலியின் டீனோ ஸோஃப் 1982இல் உலகக் கோப்பையை ஏந்தியபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 45 வயதில் 2018 உலகக் கோப்பையில் ஆடி ஒரு பெனால்டியையும் தடுத்தார். இத்தாலியின் இன்னொரு கீப்பர் பஃபோன் 2023இல் ஓய்வு பெற்றபோது அவருக்கும் வயது 45. இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. முப்பதுகளில் இவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாற்பதில் ஆடியவர்களின் பெயர்களை நாம் அறிவோம். முப்பத்து மூன்றில் ஒப்பந்தம் முடிந்து, எந்தக் கிளப்பும் கூப்பிடாமல் வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள் நம் காதுக்கு வருவதே இல்லை. உடம்பு நாற்பது வரை தாங்கலாம். ஆனால் இடம்? நடுக்கள வீரருக்குத் தன் இடம் போனால் வலப்பக்கமோ இடப்பக்கமோ பார்த்துக்கொள்ளலாம், கடைசி இருபது நிமிடத்துக்காவது மாற்று வீரராக இறங்கலாம். கீப்பருக்கு அணியில் ஒரே இடம்தான். அதில் இருப்பவர் காயம்படாமல், பெரிய தவறு செய்யாமல் இருக்கும்வரை இரண்டாமவருக்கு வேலையே இல்லை. ஆகவே "எத்தனை வயது வரை ஆட முடியும்" என்று திட்டமிடாதீர்கள். "எத்தனை ஆண்டுக்கான சம்பளம் எழுத்தில் இருக்கிறது" என்று மட்டும் பாருங்கள். 35இல் ஆட்டம் முடிகிறது என்று கணக்குப் போடுங்கள். அதற்குப் பிறகு வருவது வரவு.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் எண்களைத் தெளிவாக எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி.

இருக்கும் கிளப்பில் தொடர்ந்தால் மூன்று ஆண்டுகளில் 300 உறுதி. செலவு போக 135 சேரும். 33 வயதில் கையில் 285 இருக்கும். புதிய கிளப்பில் முழுமையாக ஆடினால் ஆண்டுக்கு 75, இரண்டு ஆண்டுகளில் 150. செலவு போக 40 சேரும். 32 வயதில் கையில் 190. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதுதான் லாபம், பேச்சே வேண்டாம். ஆனால் ஒப்பிட வேண்டியது இந்த இரண்டு காகிதங்களை அல்ல, அவற்றுக்குப் பின்னால் வரப்போகும் காகிதங்களை. ஆடாமல் மாற்று வீரர் பெஞ்சில் இருந்துவிட்டு 33இல் ஆட்டம் முடிந்தது என்று வையுங்கள்: மொத்த வருமானம் 300. கீழ் டிவிஷனில் இதே 75க்கு இன்னும் இரண்டு சீசன் ஆடினால், 34 வயதில் அங்கும் 300 ஆகிவிடும். 33இல் ஓய்வு பெற்ற நீங்கள் சும்மா இருக்கமாட்டீர்கள், பயிற்சியாளராகவோ வேறு வேலையிலோ ஆண்டுக்கு 25 சம்பாதிப்பீர்கள் என்றால், 34இல் பெஞ்சுக் கணக்கு 325, ஆட்டக் கணக்கு 300. ஆனால் 35இல் 350க்கு எதிராக 375. ஆக, முடிவு தொங்குவது ஒரே கேள்வியில்: 32 வயதில் உங்களுக்கு இன்னொரு ஒப்பந்தம் கிடைக்குமா? கிடைத்து அது 35 வரை நீடித்தால் கீழே இறங்கியது சரி. கிடைக்காவிட்டால் நஷ்டம்.

அந்த ஒப்பந்தத்தை யார் தருவார்கள்? உங்களைக் களத்தில் பார்த்தவர்கள் தருவார்கள். அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் 2010இல் இங்கிலாந்துக் கிளப்பான ஆர்சனலில் சேர்ந்தார். பத்தாண்டுகள் பெரும்பாலும் கடனாக வேறு வேறு கிளப்புகளுக்கு அனுப்பப்பட்டார். 2020 ஜூனில் முதல் கீப்பர் லெனோ காயப்பட்டதால் வாய்ப்பு வந்தது. சில வாரங்கள் தொடர்ந்து ஆடினார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆஸ்டன் வில்லா அவரை வாங்கியது. 2022இல் உலகக் கோப்பையை வென்றார். பத்தாண்டுப் பயிற்சி மாற்றாத அவர் மதிப்பைச் சில வார ஆட்டம் மாற்றியது. இதைப் படித்துவிட்டு "எனக்கும் ஒருநாள் வரும்" என்று பெஞ்சில் காத்திருக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். இன்னொருவரின் காயத்தை நம்பி ஒரு குடும்பத்தின் வருமானத்தைத் திட்டமிட முடியாது.

பெஞ்சும் மரியாதையான தொழில்தான், அதையும் சொல்ல வேண்டும். ஸ்காட் கார்சன் 2019 முதல் 2025 வரை மான்செஸ்டர் சிட்டியில் மூன்றாவது கீப்பராக இருந்தார். ஆடியது இரண்டே ஆட்டங்கள். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன் அவர் பல கிளப்புகளில் நூற்றுக்கணக்கான ஆட்டங்களும் இங்கிலாந்துக்காக நான்கு ஆட்டங்களும் ஆடியிருந்தார். அனுபவமுள்ள மூன்றாவது கீப்பர் என்ற வேலை, முதலில் அனுபவத்தைச் சேர்த்தவருக்கே கிடைக்கிறது. நான்கு ஆண்டில் ஆறு ஆட்டம் என்ற கணக்கோடு 33இல் அந்தக் கதவைத் தட்டினால் திறப்பது கடினம். 36இல், 150 ஆட்டங்களோடு தட்டிப் பாருங்கள்.

என் பதில்: கீழ் டிவிஷன் கிளப்புக்குப் போங்கள்.

எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். இதே கேள்வியைச் சேமிப்பே இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் மூன்று ஆண்டு உறுதியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். உங்களிடம் இருக்கும் 150 ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டுச் செலவு. கீழே இறங்கும் உரிமையை உங்களுக்குக் கொடுப்பது அந்தப் பணம்தான். இன்னொன்றும் இருக்கிறது: அங்கே நீங்கள் ஒரு ஆட்டம்கூட ஆடாவிட்டாலும் அடிப்படைச் சம்பளம் 60 வரும், உங்கள் செலவு 55. அதாவது, மிக மோசமான சீசனிலும் சேமிப்பைத் தொட வேண்டியதில்லை. அடிப்படை 50ஆக இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும்.

ஆனால் அந்த 60 உண்மையிலேயே 60தானா என்று பார்க்க வேண்டும். அணி இன்னும் ஒரு டிவிஷன் கீழே இறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் அடிக்கடி இருக்கும். 30 சதவீதம் குறைத்தால் 60 என்பது 42 ஆகிவிடும். ஆண்டுக்கு 13 துண்டு விழும். இந்த விதியை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால், தரமிறங்கும் பட்சத்தில் உங்களை எடுக்கும் கிளப் விலைத்தொகை எதுவும் தராமலேயே நீங்கள் வெளியேறலாம் என்ற வரியைப் பதிலுக்குக் கேளுங்கள். அடுத்தது, மூன்றாம் ஆண்டு. இரண்டாவது சீசனில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்கள் ஆடிவிட்டால் ஒப்பந்தம் தானாகவே ஓராண்டு நீளும் என்று எழுத வையுங்கள். நீட்டிக்கும் உரிமை கிளப்பின் கையில் மட்டும் இருக்கும்படி எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நன்றாக ஆடினால் மலிவாகப் பிடித்து வைப்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். இந்தப் பேரத்தில் 15 என்ற ஆட்டத் தொகையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது மூன்றாம் ஆண்டை வாங்குங்கள். ஆட்டத் தொகை காயம் வந்தால் நின்றுவிடும், மூன்றாம் ஆண்டுச் சம்பளம் நிற்காது.

சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். கீழ் டிவிஷன்களில் இது பெரிய நோய். கிளப் நிர்வாகியிடம் கேட்டுப் பயனில்லை. சென்ற ஆண்டு அங்கே ஆடி வெளியேறிய இரண்டு மூன்று வீரர்களிடம் நேரில் பேசுங்கள். குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்து மூலம் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகும் தராவிட்டால், வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதி இடம் தருகிறது. விதி இருப்பது நல்லது. ஆனால் அதைப் பயன்படுத்தும் நிலைக்குப் போகாமல் இருப்பது அதைவிட நல்லது.

யாராவது உங்களிடம் "இருக்கும் கிளப்பிலேயே கையெழுத்துப் போடு, ஆட வாய்ப்புத் தராவிட்டால் வெளியேறிக்கொள்ளலாம்" என்று சொல்லக்கூடும். ஒரு சீசனில் பத்து சதவீத ஆட்டங்கள்கூட ஆடாத, ஏற்கெனவே தன்னை நிலைநிறுத்திக்கொண்ட வீரர் சீசன் முடிந்த 15 நாட்களுக்குள் விலகலாம் என்று ஃபிஃபா விதி இருப்பது உண்மை. ஆனால் அவரவர் சூழ்நிலையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இரண்டாவது கீப்பர் என்று தெரிந்தே கையெழுத்திட்டவர் அதை நம்பி இறங்கக் கூடாது.

காப்பீடு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அது எனக்குக் கவலை தருகிறது. செல்சீ கீப்பர் பெட்டர் செக் 2006 அக்டோபரில் ஒரு மோதலில் மண்டை ஓடு உடைந்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, அதன்பின் தலைக்கவசத்தோடு 2019 வரை ஆடினார். அவர் திரும்ப முடிந்தது. இங்கிலாந்து கீப்பர் கோர்டன் பேங்க்ஸ் 1972இல், 34 வயதில், கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தார்; இங்கிலாந்தில் அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. ஸ்பெயின் கீப்பர் இக்கர் கசியாஸுக்கு 2019 மே மாதத்தில் பயிற்சியின்போது மாரடைப்பு வந்தது. அதன்பின் அவர் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஒன்று களத்தில், ஒன்று சாலையில், ஒன்று பயிற்சியில். ஆகவே களத்துக்கு வெளியே நேர்வதையும் நோயையும் சேர்த்துக் காக்கும் பாலிசிதான் வேண்டும். அதில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: "எந்த வேலையும் செய்ய இயலாத நிலை" என்று இருந்தால் அது உங்களுக்குப் பயன்படாது. விரல் மூட்டு மடங்காத ஒருவர் அலுவலகத்தில் வேலை செய்யலாம், ஆனால் கோல்கீப்பராக இருக்க முடியாது. "தன் தொழிலைத் தொடர இயலாத நிலை" என்று இருக்க வேண்டும். பழைய தோள்பட்டைக் காயம், முழங்கால் அறுவை என எதுவும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்த காயம் பின்னால் இழப்பீட்டையே அடித்துக்கொண்டு போகும்.

கடைசியாக அண்ணன். இதை எழுதுவதுதான் எனக்குச் சிரமம், ஏனென்றால் அவர் உங்கள் நல்லதை நினைத்தே கேட்கிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் 80ஐக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் கையில் 70 நிற்கும், ஓராண்டும் மூன்று மாதமும்தான் தாங்கும். நான் மேலே சொன்ன அத்தனையும் 150 இருக்கிறது என்ற அடித்தளத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் தொடர்ச்சியாக 310 ஆட்டங்கள் ஆடிய பிராட் ஃப்ரீடலை நினைத்துப் பாருங்கள். அதைவிட நிலையான வேலை ஒரு கீப்பருக்கு அமைவது அரிது. அவர் அமெரிக்காவின் ஒஹாயோவில் தொடங்கிய கால்பந்து அகாடமியின் கடன் சுமையால், இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2011இல் திவாலானார். நோக்கம் நல்லதுதான், உழைப்பும் இருந்தது. ஆனால் மைதானம், பராமரிப்பு, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் மாணவர்கள் வருவதற்கு முன்பே பணம் கேட்கும். அண்ணனிடம் இப்படிச் சொல்லுங்கள்: வாடகை மைதானத்தில், வார இறுதி வகுப்பாக, பத்துப் பிள்ளைகளோடு ஓராண்டு நடத்திக் காட்டட்டும். அதற்கு அதிகபட்சம் 5 தரலாம். திரும்பி வராது என்று நினைத்தே தர வேண்டும். உங்கள் பெயரை எந்தக் கடனுக்கும் ஜாமீனாகப் போடாதீர்கள். 80ஐவிட அது ஆபத்து.

மீதிப் பணத்தில் ஓராண்டுச் செலவான 55ஐ வங்கி வைப்பில், நினைத்த நாளில் எடுக்கும்படி வைத்திருங்கள். மற்றதை 35 வயதுக்கு முன் தொட வேண்டியிருக்கலாம் என்பதால் பங்குச் சந்தையில் பெரும்பகுதியைப் போடாதீர்கள். வீட்டுக் கடனை மொத்தமாக அடைக்கும் ஆசை வரும். இப்போது வேண்டாம், கையில் இருக்கும் பணம் இந்த இரண்டு ஆண்டுகளில் உங்களுக்கு அதிகம் தேவை. பயிற்சியாளர் உரிமத்துக்கான முதல் நிலைப் படிப்பை மட்டும் இந்தக் கோடையிலேயே தொடங்கிவிடுங்கள். நான் கணக்கில் போட்ட அந்த 25 அங்கிருந்துதான் வரவேண்டும், அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

மூன்று வாரம் இருக்கிறது. முதல் வாரத்தில் அந்தக் கிளப்பின் பழைய வீரர்களிடம் பேசுங்கள். இரண்டாவது வாரத்தில் தரமிறக்க விதியையும் மூன்றாம் ஆண்டு நீட்டிப்பையும் முகவர் எழுத்தில் வாங்கி வரட்டும், வாய்ச்சொல் போதாது. அந்த இரண்டு பத்திகளும் கைக்கு வந்ததும், கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.