அந்த நியூஸ் கார்டு உண்மையா? வதந்தி, ஊடகம், நம்பிக்கை: கேள்வி பதில்

மதுரை மாணவி: அக்கா, டிவி லோகோ போட்ட நியூஸ் கார்டு எங்கள் குடும்ப குரூப்பில் தினமும் வருகிறது. ஒரு தலைவர் சொன்னதாக ஏதோ ஒன்று இருக்கும். உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விரிவாகவே சொல்கிறேன். இந்த வகைப் போலி இங்கே மிக அதிகம் புழங்குகிறது, செய்வதும் சுலபம். சேனலின் அசல் கார்டு ஒன்றை எடுத்து, எழுத்தை மட்டும் அழித்து வேறு வாசகம் அடித்துவிடுகிறார்கள். லோகோ அசல், தலைவர் படம் அசல், தேதிப் பட்டை அசல், வாசகம் மட்டும் பொய். அதனால் லோகோவைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் கார்டில் உள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சேனலின் இணையதளத்துக்குப் போய், அங்கே இருக்கும் ஃபேஸ்புக், எக்ஸ் ஐகானை அழுத்தி அவர்கள் பக்கத்துக்குப் போங்கள். பெயரைத் தேடிப் போனால் அதே பெயரில் இருக்கும் போலிப் பக்கத்தில் விழுந்துவிடுவீர்கள். அந்தத் தேதி வரை கீழே இறங்குங்கள். பல நேரம் அதே படம், அதே தேதி, வேறு வாசகத்தோடு அசல் கார்டு கிடைத்துவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். போலியில் ‘ழ’வின் சுழியும் ‘ண’வின் வளைவும் வேறாக இருக்கும். வரிகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்காக இருக்காது. பழைய எழுத்தை அழித்த இடத்தில் பின்னணி நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

எழுத்துருவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சேனல்கள் அவ்வப்போது வடிவமைப்பை மாற்றுகின்றன, போலி செய்பவரிடமும் அதே எழுத்துரு இருக்கலாம். பக்கத்தில் கார்டு இல்லை என்பதாலும் போலி என்றாகிவிடாது. தவறாகப் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நீக்கியிருக்கலாம். அப்போது வேறு வழியாகப் போங்கள். அந்தத் தலைவர் அன்று எங்கே பேசினார், பொதுக்கூட்டமா பேட்டியா என்று பார்த்து, முழு வீடியோவை யூடியூபில் தேடுங்கள். ஒரு தலைவர் உண்மையிலேயே அப்படி உளறியிருந்தால் எதிர்க்கட்சிச் சேனல் அதை மணிக்கொரு தரம் ஓட்டியிருக்கும். அங்கேயும் ஒரு வரி இல்லையென்றால் கார்டு போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இனியும் சொல்வேன்: ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. அனுப்பியவரிடம் சுட்டியைக் கேளுங்கள்.

தாம்பரம் வாசி: நாளை பள்ளி, கல்லூரி விடுமுறை என்று கார்டு வந்திருக்கிறது. நம்பலாமா?

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். உங்கள் ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தைப் பாருங்கள். கார்டில் மாவட்டப் பெயரும் ஆண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். போன வருடத்து அசல் கார்டே இந்த வருடம் வதந்தியாகச் சுற்றும்.

கோவை ஐடி ஊழியர்: வீடியோவை எப்படிச் சரிபார்ப்பது? படத்தைப் போட்டு அதன் மூலத்தைத் தேடும் ரிவர்ஸ் சர்ச்சில் வீடியோவைப் போட முடியவில்லையே.

வீடியோவைப் போட வேண்டாம், அதிலிருந்து நாலைந்து படம் எடுத்துப் போடுங்கள். கணினியில் யூடியூப் வீடியோவை நிறுத்திவிட்டு, புள்ளி விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டகமாக முன்னே போகும், கமா விசை பின்னே கொண்டுவரும். முகங்களை விட்டுவிட்டு கடைப் பெயர்ப்பலகை, பேருந்தின் நிறம், வண்டி நம்பர் பிளேட், போலீஸ் சீருடை, மின்கம்பம் தெரியும் சட்டகமாகப் பொறுக்குங்கள். அதை கூகுள் லென்ஸில் போடுங்கள். கிடைக்காவிட்டால் யான்டெக்ஸ் தேடுபொறியில். டின்ஐ (TinEye) என்ற படத்தேடல் தளத்தில் ‘பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தலாம். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் நான்கு வருடம் முன்பே அங்கே இருந்தால் வேலை முடிந்தது.

வீடியோ அசலாகவே இருந்து, அதன் மேல் எழுதிய வரி மட்டும் பொய்யாக இருப்பதுதான் அதிகம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பரவிய வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். அடிதடி உண்மைதான். ஆனால் அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கிய இரண்டில், ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்தது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. இப்படிப்பட்ட வீடியோவை எந்த எடிட்டிங் சோதனையில் போட்டாலும் ‘சுத்தம்’ என்றுதான் வரும். எங்கே, எப்போது, யாருக்கும் யாருக்கும் என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

திருச்சி தம்பி: அக்கா, வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவின் மெட்டாடேட்டாவைப் பார்த்தால் போதாதா?

போதாது தம்பி. சாதாரணமாகப் படமாக அனுப்பும்போதே எடுத்த தேதி, இடம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் நீக்கிவிடும். அதில் தெரியும் தேதி உங்கள் போனில் இறங்கிய தேதி.

பெயர் வேண்டாம்: இந்த மூலிகைக் கஷாயம் சர்க்கரையைக் குணமாக்கும் என்று வீடியோ வருகிறது, உண்மையா?

மருத்துவம் என் துறை அல்ல. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சேலம் வாசகர்: எல்லாமே பொய்தான் என்று நான் எதையும் நம்புவதில்லை. அதுதானே பாதுகாப்பு?

இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர் சாலையை ஒரு முதலை கடந்துபோகும் வீடியோ வந்தது. பார்த்தவுடனே ‘பழைய வீடியோ, கிராஃபிக்ஸ்’ என்று பலர் ஒதுக்கினார்கள். அது உண்மை. சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் முதலைகள் உண்டு என்று வனத்துறைச் செயலரே விளக்கம் தந்தார். அந்த இரவில் அந்தத் தெருவில் நடந்துபோகிறவருக்குத் தேவையான செய்தி அது. எதையும் நம்பாதவரும் எல்லாவற்றையும் நம்புகிறவரைப் போலவே சரிபார்க்கும் வேலையைச் செய்யாமல் விடுகிறார்.

நெல்லை நண்பர்: தமிழில் நடுநிலையான சேனல் எது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன், முறையைச் சொல்கிறேன். நம் சேனல்களில் பலவற்றின் கட்சிச் சாய்வு ஊரறிந்தது. எதிரெதிர்ச் சாய்வுள்ள இரண்டில் ஒரே செய்தியைப் பாருங்கள். இரண்டிலும் பொதுவாக வரும் பெயர், இடம், எண்ணிக்கையைத் தனியே எடுங்கள். கவனம்: இரண்டுமே பிடிஐ, ஏஎன்ஐ போன்ற ஒரே செய்தி நிறுவனத்திடம் வாங்கிப் போட்டிருந்தால் அது இரண்டு சாட்சி ஆகாது, ஒன்றுதான். செய்தியின் தொடக்கத்திலோ கடைசியிலோ நிறுவனப் பெயர் இருக்கும். தவறு செய்தால் திருத்தம் போடுகிறார்களா என்றும் ஒரு மாதம் கவனியுங்கள். திருத்தம் போடும் இடத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

சென்னை சட்ட மாணவர்: அரசின் உண்மை சரிபார்ப்பகம் இருக்கும்போது நாம் ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்?

தமிழ்நாடு அரசு 2023இல் அமைத்ததைச் சொல்கிறீர்கள். அரசாணை, திட்டம், விடுமுறை போன்ற விவரங்களுக்கு அது பயன்படும். அரசின் மீதே குற்றச்சாட்டு என்றால் அதன் மறுப்பு ஒரு தரப்பின் பதில் மட்டுமே.

ஈரோடு வாசகர் (இடையில்): அப்படியானால் அது வீண்தானே? திருடனிடமே சாவியா?

வீண் இல்லை. எழுதியிருப்பதைப் படியுங்கள். ‘இது பொய்’ என்று முத்திரை மட்டும் குத்தியிருந்தால் ஒதுக்குங்கள். ‘இந்த வீடியோ இந்த ஊரில், இந்தத் தேதியில் எடுத்தது, மூலம் இது’ என்று இருந்தால் நீங்களே போய்ப் பார்க்கலாம். பீகார் வீடியோ விஷயத்தில் போலீஸ் மறுப்பு எடுபட்டதற்குக் காரணம் அதுதான். பீகாரிலிருந்தும் ஒரு குழு வந்து பார்த்துவிட்டுப் போனது.

சட்ட மாணவர்: ஆனால் மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவை நீதிமன்றம் ரத்து செய்ததே?

ரத்தானது எது என்பதில் தெளிவு வேண்டும். 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, மத்திய அரசைப் பற்றிய செய்தியில் எது போலி என்று அதன் பிரிவே அடையாளம் காட்டலாம், அப்படிக் காட்டியதைத் தளங்கள் விட்டுவைத்தால், பயனர் பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பை இழக்கலாம் என்றார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அமைத்த அறிவிப்பை நிறுத்திவைத்தது, செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. மறுப்பு வெளியிடுவது வேறு, அடுத்தவர் பதிவை நீக்கவைக்கும் அதிகாரம் வேறு. எந்தக் கட்சி ஆட்சி என்றாலும் என் அளவுகோல் இதுதான். இந்த வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆவடி வாசகர்: நாளை லீவு என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்...

மேலே தாம்பரத்துக்குச் சொன்ன பதில்தான். ஆட்சியர் பக்கம். ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது.

விழுப்புரம் தங்கை: அப்பா எல்லாவற்றையும் ஃபார்வர்டு செய்கிறார். குரூப்பில் திருத்தினால் கோபப்படுகிறார். ‘நான் அனுப்பினால் என்ன ஆகிவிடும்’ என்கிறார்.

குரூப்பில் திருத்தாதீர்கள். சொந்தக்காரர்கள் முன்னால் மகள் திருத்தினால் எந்த அப்பாவுக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். தனியாக போன் செய்து, ‘இது யார் அனுப்பினாங்கப்பா?’ என்று கேளுங்கள். தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் ஐந்து கை அல்லது அதற்கும் மேல் மாறி வந்தது என்று பொருள், அதைக் காட்டுங்கள். சரியான தகவலின் சுட்டியை அவரிடமே கொடுத்து, அவரையே குரூப்பில் போடச் சொல்லுங்கள்.

என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வம் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவரை ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் அவர் செய்தது. அதே ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய கடத்தல் வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். ‘குழந்தைகளைக் கவனியுங்கள்’ என்று சொல்லும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது.

அதே தங்கை: ஃபார்வர்டு செய்தால் கேஸ் வருமா அக்கா?

வரலாம். எழுதியவர் நான் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைப் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கில் 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அனுப்பிய தகவலை எய்த அம்போடு ஒப்பிட்டு, பகிர்ந்தவரும் பொறுப்பு என்றது. பொது அமைதியைக் கெடுக்கும் பொய்த் தகவலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 353ஆம் பிரிவு இருக்கிறது. அப்பாவிடம் இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள்.

குரோம்பேட்டை: ஏஐ குரலா என்று கண்டுபிடிக்க நல்ல ஆப் சொல்லுங்கள்.

எந்த ஆப்பின் சதவீதத்தையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த ஒலியில் அவை தவறுகின்றன. பணம் கேட்டு வந்த குரல் என்றால் போனை வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரை நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

பல்லாவரம்: நாளைக்கு லீவா?

ஆட்சியர் பக்கம்.