லட்டில் எத்தனை மில்லிகிராம்? மாமியின் ஐஎன்ஆர் எவ்வளவு?

கேள்வி: என் மாமிக்கு வயது 72. இருபது வருடங்களுக்கு முன் கொழும்பில் இதய வால்வு மாற்றியவர். அன்றிலிருந்து, இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிறார். முழங்கால் வலியால் இரவில் தூக்கம் இல்லை. முதியோர் சங்கத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, கஞ்சா கடையில் சிபிடி (கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத பொருள்) எண்ணெய் வாங்கினோம். 30 மில்லி போத்தல். ஒரு மில்லியில் சிபிடி 50 மில்லிகிராம், டிஎச்சி (போதை தரும் பொருள்) 2 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. எண்ணெயாகக் குடிக்க மாட்டேன் என்று சொன்னதால் அரைப் போத்தலை உருக்கிய நெய்யில் கலந்து 30 ரவா லட்டு பிடித்தேன். காலையில் இரண்டு, இரவில் இரண்டு சாப்பிடுகிறார். மூன்று கிழமையாகிறது, மூன்றாவது தடவை பிடித்தாயிற்று. ஒரு லட்டில் எத்தனை மில்லிகிராம் வரும்? நெய்ச் சூட்டில் சிபிடி போய்விடுமா? இது பழக்கமாகிவிடுமா? சிறுநீரகம் பழுதாகுமா? பக்கத்து வீட்டுக்காரர் தன் தோட்டத்துச் செடியைத் தருகிறேன் என்கிறார். அதில் செய்தால் கணக்கு எப்படி? ஊருக்குப் போகும்போது கொண்டுபோகலாமா? மாமியின் கைகளில் இப்போது அங்கங்கே நீலமாகக் கன்றியிருக்கிறது, வயது போவதால் இருக்கலாம். குடும்ப டொக்டரிடம் கஞ்சா என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.
— ஒரு மருமகள், ஸ்காபரோ

பதில்: லட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, மாமியை இன்றே ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்கக் கூட்டிப்போங்கள். அடுத்த மாதம் குறித்துத் தந்திருக்கும் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இதை வாசிக்கும்போது சனிக்கிழமை இரவாக இருந்தால் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

இத்தனை கேள்விகளையும் கேட்டுவிட்டு, கை கன்றியிருப்பதைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கான காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள், வயது என்று. எனக்கென்னவோ, அந்த ஒரு வரிக்காகத்தான் முழுக் கடிதமும் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது. வயது போனால் தோல் மெலியும், இலேசாகத் தட்டினாலும் கன்றும், உண்மைதான். ஆனால் இருபது வருடமாக வார்ஃபரின் எடுப்பவருக்கு இந்த மூன்று கிழமையில் புதிதாகக் கன்றத் தொடங்கினால், அந்த மூன்று கிழமையில் வீட்டில் என்ன மாறியது என்றுதான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் மாறியது லட்டு.

வார்ஃபரினை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள சில நொதிகள். அவற்றில் முக்கியமானதன் வேலையைச் சிபிடி மந்தமாக்குகிறது. மாமி அதே குளிசையை, அதே அளவில், அதே நேரத்தில்தான் விழுங்குகிறார். ஆனால் நேற்றைய குளிசை முழுதாகக் கழியுமுன் இன்றைய குளிசை போய்ச் சேர்கிறது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்குகிறது, இரத்தம் உறைய எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. இது ஏட்டுச் சங்கதி இல்லை. வலிப்பு நோய்க்காக மருந்துத் தரத்தில் சிபிடி எடுத்த ஒருவருக்கு ஐஎன்ஆர் ஏறிக்கொண்டே போனதால் வார்ஃபரினை ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்க நேர்ந்தது என்று மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அவரையாவது டொக்டர்கள் கூட இருந்து கவனித்தார்கள். உங்கள் மாமியை யாரும் கவனிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத இடம் ஒன்று உண்டு. கீரை கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும் என்பதால், வார்ஃபரின் எடுக்கும் வீடுகளில் கீரைக்கு இருக்கும் காவல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வல்லாரைச் சம்பல் ஒரு கரண்டி கூடிப்போனால் மகன் வேலையிலிருந்து போன் எடுத்து என்னைக் கேட்பார். அதே வீட்டில், ஈரலுக்குள் நேராகப் போய் வார்ஃபரினோடு மல்லுக்கட்டும் ஒரு பொருளை நெய்யும் கஜுவும் போட்டுப் பிடித்துத் தட்டில் வைக்கிறார்கள். நான் கிளினிக்கில் “புதிதாக ஏதாவது எடுக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டால் “இல்லை டொக்டர்” என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை. லட்டை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இனி, எதைக் கண்டால் நேரே 911 அழைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், சிறுநீர் சிவந்தால், மூக்கில் வரும் இரத்தம் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டால், இதுவரை இல்லாத மாதிரித் தலை வலித்தால், பேச்சுக் குழறினால். எல்லாவற்றையும் விட, தலை எங்கேயாவது அடிபட்டால். வீக்கம் இல்லை, மாமி நன்றாகத்தான் கதைக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. வார்ஃபரின் எடுப்பவருக்குத் தலைக்குள் கசியும் இரத்தம் முதல் சில மணி நேரம் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம்.

தலையைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், லட்டில் டிஎச்சியும் இருக்கிறது. மயக்கம் தருவது அந்தச் சரக்குத்தான். புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். சாப்பிட்டால் உச்சிக்கு வர இரண்டு மூன்று மணி நேரமும் ஆகும். மாமி ஒன்பது மணிக்கு இரண்டு லட்டைச் சாப்பிட்டுப் படுக்கிறார். பதினொன்றரைக்குச் சிறுநீர் கழிக்க எழும்புகிறார், விளக்குப் போடாமல், முழங்கால் வலியோடு. அந்த நேரம் பார்த்துத்தான் தலை சுற்றும்.

பயத்தில் இன்னொரு பிழை செய்துவிடாதீர்கள். வார்ஃபரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். உலோக வால்வு உள்ளவருக்கு அந்தக் குளிசை நின்றால் வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். எத்தனை குளிசை விடுவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை ஐஎன்ஆர் எண்ணைப் பார்த்து டொக்டர் சொல்லட்டும். சிபிடியும் இன்று நிறுத்தினால் நாளைக்கே உடம்பை விட்டுப் போகாது. தினமும் எடுத்துவந்தவருக்கு, இரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே இரண்டரை நாள் போகலாம். அது கழியக் கழிய ஐஎன்ஆர் கீழே இறங்கும். இப்போது வார்ஃபரினைக் குறைத்தார்கள் என்றால், அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் மறுபடி கூட்ட வேண்டி வரலாம். அதனால் ஒரு தடவை பார்த்து நிம்மதியடையாமல், கிழமைக்கு ஒரு தடவையாவது பாருங்கள்.

சரி, நீங்கள் கேட்ட கணக்குக்கு வருவோம். பெருக்கி வகுத்துப் பார்த்தால் அரைப் போத்தலில் 750 மில்லிகிராம் சிபிடி, 30 லட்டு, ஆக ஒன்றுக்கு 25. நாளைக்கு நான்கு என்றால் 100. டிஎச்சி ஒரு லட்டில் ஒன்று, நாளைக்கு நான்கு. கனடாவில் 2019 முதல் கடையில் விற்கும் கஞ்சாத் தின்பண்டப் பொதி ஒன்றில் 10 மில்லிகிராமுக்கு மேல் டிஎச்சி இருக்கக் கூடாது என்பது சட்டம். உங்கள் டப்பாவில் 30 இருக்கிறது.

இதெல்லாம் கடதாசிக் கணக்கு. ரவா லட்டு பிடித்த கைக்கு அடுத்தது தெரியும். முதல் பத்து லட்டு பொலபொலவென்று உதிரும், பால் தெளித்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கடைசிப் பத்துக்கு வரும்போது தாச்சியின் அடியில் இறங்கி நின்ற நெய் எல்லாம் சேர்ந்து உள்ளங்கை பளபளக்கும். சிபிடி நெய்யில்தான் கரைந்திருக்கிறது, நெய் போன இடத்துக்குத்தான் அதுவும் போகும். முதல் லட்டில் 10, கடைசி லட்டில் 50 இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மாமி எந்த நாளில் எதைச் சாப்பிட்டார் என்று யாருக்குத் தெரியும்?

உள்ளே போனதில் எவ்வளவு இரத்தத்தில் சேரும் என்பது இன்னொரு தலைவலி. வெறும் வயிற்றில் விழுங்கிய சிபிடியில் பத்தில் ஒரு பங்கு கூட இரத்தத்துக்கு வராமல் போகலாம். அதையே கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் சுமார் நான்கு மடங்கு சேர்கிறது. எபிடியோலெக்ஸ் என்று 2018இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்ற சிபிடி மருந்தில் அளந்து பார்த்த விஷயம் இது. நெய்யில் பிடித்து, அதையும் இரவு இடியப்பம் சொதிக்குப் பிறகு கொடுத்தால், நீங்கள் போட்ட 25க்கு ஒரு பொருளும் இல்லை.

உடல் எடையையும் வலியின் அளவையும் தட்டினால் இத்தனை மில்லிகிராம் என்று துப்பும் கணக்குப் பொறிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட, வேறு என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எத்தனை மில்லிகிராம் பாதுகாப்பு என்பதில் அரசாங்கங்களே ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஹெல்த் கனடாவின் நிபுணர் குழு 2022இல், ஆரோக்கியமான பெரியவர்கள் நாளுக்கு 20 முதல் 200 வரை, அதிகபட்சம் 30 நாளுக்கு எடுக்கலாம் என்றது. தினமும் உணவில் சேர்ப்பவர்களுக்குப் பிரித்தானிய உணவுத் தர நிறுவனம் 70 என்று சொல்லியிருந்ததை 2023இல் 10 ஆகக் குறைத்தது. இரண்டுமே ஆரோக்கியமானவர்களுக்கு. வார்ஃபரினும் உலோக வால்வும் உள்ள 72 வயதுக்காரருக்கு யாரும் எண் சொல்லவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

மற்றக் கேள்விகள். நெய்ச் சூட்டில் சிபிடி போய்விடாது. போயிருந்தால் இன்றைக்கு இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது. சிபிடி பழக்கமாகாது, உலக சுகாதார நிறுவனமே பார்த்துச் சொல்லிவிட்டது, அந்தப் பயத்தை விடுங்கள். சிறுநீரகத்தைக் கேட்டிருக்கிறீர்கள், சிபிடி தொந்தரவு கொடுக்கும் என்றால் அது ஈரலுக்குத்தான். ஐஎன்ஆருக்கு இரத்தம் எடுக்கும்போது ஈரல் நொதிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊருக்குக் கொண்டுபோகலாமா? கூடாது. எல்லை தாண்டிக் கஞ்சா கொண்டுபோவது கனடாச் சட்டப்படி குற்றம், சிபிடி மட்டும் என்றாலும் அப்படித்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று மில்லிகிராம் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரரின் செடிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம், அதில் பிழை இல்லை. ஆனால் பச்சைச் செடியில் இருப்பது சிபிடி இல்லை, அதன் அமில வடிவம். சூடாக்கினால்தான் மாறும், மாறும்போது எடையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அந்தக் கணக்கைப் போடுவதற்கும் முதலில் செடியில் எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டும், அதைச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். ஆசைக்கு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வளர்ப்பது டிஎச்சி கூடிய வகை. அதில் லட்டுப் பிடித்தால் மாமி இரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

முழங்காலுக்கு வருகிறேன், மாமியின் கஷ்டம் உண்மையானது. ஆனால் சிபிடி முழங்கால் தேய்மானத்துக்கு உதவுகிறதா என்று வியன்னாவில் ஒழுங்காகச் சோதித்து 2023இல் வெளியிட்டார்கள். பரசிட்டமோலோடு நாளுக்கு 600 மில்லிகிராம் சிபிடி, எட்டுக் கிழமை. சிபிடிக்குப் பதிலாக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களை விட ஒரு நன்மையும் இல்லை. மாமி எடுத்ததைப் போல ஆறு மடங்கு! இப்போது தூக்கம் கொஞ்சம் வருகிறது என்றால் அது அனேகமாக டிஎச்சியின் வேலை. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு பிசியோவிடம் அனுப்பச் சொல்லுங்கள். மூட்டுக்குள் போடும் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். கடையில் கிடைக்கும் ஐபுப்ரோஃபனைத் தொடவே வேண்டாம், வார்ஃபரினோடு அது வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். பரசிட்டமோலையும் தினமும் நிறைய எடுத்தால் ஐஎன்ஆர் ஏறும், அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

வெட்கம் என்று எழுதியிருந்தீர்கள். கஞ்சா இந்த நாட்டில் 2018 ஒக்டோபர் 17இலிருந்து சட்டப்படியானது. உங்கள் குடும்ப டொக்டர் இதே கதையை இந்தக் கிழமையிலேயே இரண்டு மூன்று பேரிடம் கேட்டிருப்பார். “மாமிக்கு மூன்று கிழமையாகச் சிபிடி எண்ணெய் கொடுத்தோம், இப்போது கை கன்றுகிறது” என்று வரவேற்பு மேசையில் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், லேபிளில் உள்ள எண்கள் டொக்டருக்கும் ஃபார்மசிஸ்ட்டுக்கும் வேண்டும்.

மிச்ச லட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ரவா லட்டுக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை; நான்கு வயதுப் பிள்ளை இரண்டைச் சாப்பிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பையில் கட்டி, குப்பையில் போடுங்கள்.