அண்ணன் சொல்கிறார் என்று வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

கேள்வி: ஏழு வயது மகளுக்கு மூளைத்தண்டில் டிஐபிஜி என்ற புற்றுநோய்க் கட்டி. கதிர்வீச்சு முடிந்தது. 'எதிர்ப்புச் செல் ஊசி' என்று ஒரு தனியார் கிளினிக்கில், பத்து மாத வருமானம் அளவுக்கு 2 வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினோம். பலனில்லை. இப்போது அண்ணன், "கார்-டி செல் வந்துவிட்டது, வீட்டை வை" என்று தினமும் போன் செய்கிறார். என்ன செய்வது?

பதில்: நோயைப் பற்றி என்னைவிட உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: புதுச் செய்தி வரும்போதெல்லாம் கடன் வாங்குவதை நிறுத்துங்கள்.

மாத வருமானம் 100 என்றால் உங்கள் கடன் 1,000. வட்டிக்கே மாதம் 20 போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. அதே வட்டிக்கு இன்னும் 2,000 வாங்கினால் 60 போய்விடும். அப்புறம் குழந்தையோடு இருக்க உங்களில் ஒருவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால்? அந்த 100-ம் வராது.

அண்ணன் கேள்விப்பட்டது பொய்யில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, கட்டியின் செல்கள்மேல் இருக்கும் ஜிடி2 என்ற சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறைக் குறிவைத்து மாற்றிய டி செல்களை (ரத்தத்தில் உள்ள எதிர்ப்புச் செல்கள்; மாற்றிய பிறகு இவைதான் கார்-டி) இதே வகைக் கட்டி உள்ள 11 பேருக்குச் செலுத்தியது. 4 பேருக்குக் கட்டி பாதிக்குமேல் சுருங்கியது, அதில் ஒருவருக்கு முற்றிலும் மறைந்தது. 2024-ல் வந்த முடிவு இது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இது கடையில் விலைக்குக் கிடைக்கும் சரக்கல்ல, சோதனைக் கட்டத்தில் இருப்பது. முறையான மருத்துவச் சோதனையில் செல் தயாரிக்கும் செலவைப் பெரும்பாலும் நடத்துபவர்களே ஏற்பார்கள். முழுப் பணத்தையும் முன்பே கட்டச் சொல்லும் இடத்தில் சோதனைப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் கைக்காசு போவது வேறு இடத்தில். குழந்தையின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்து, மாற்றி, பெருக்கித் தரவே சில வாரம் ஆகும். செலுத்திய பிறகு மூளைத்தண்டு வீங்கலாம், அதனால் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். பலன் தெரிந்தால் அடுத்தடுத்த டோஸ்களுக்கும் திரும்பப் போக வேண்டும். பணம் சேர்ப்பதாக இருந்தால் தங்குவதற்கும் பயணத்துக்கும் இழக்கும் சம்பளத்துக்கும் சேருங்கள்.

'தம்பி பாப்பாவின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வையுங்கள்' என்று யாராவது திட்டம் விற்க வந்தால், வேண்டாம். இந்தச் சோதனைகளில் எடுப்பது நோயுற்ற குழந்தையின் சொந்த செல்களைத்தான்.

இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: திசுப் பரிசோதனையில் எச்3கே27எம் என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா, டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு போகிறது? ஸ்டீராய்டு அதிகமானால் கார்-டி செல்களை அடக்கிவிடும் என்பதால் பல சோதனைகளில் சேர்க்க மாட்டார்கள். மருந்தை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள்.

அண்ணனிடம், உதவ மனமிருந்தால் 2 வட்டிக் கடனின் அசலில் ஒரு பகுதியை அடைக்கச் சொல்லுங்கள். அவர் 500 கட்டினால் உங்களுக்கு மாதம் 10 மிஞ்சும்.