வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து

கேள்வி: அமெரிக்க மாநிலங்களில் பள்ளி நிதி பற்றிய சட்டம் வரும்போது, பெற்றோரும் ஆசிரியரும் சட்டமன்றக் குழு முன் நேரில் போய்ச் சாட்சியம் சொல்கிறார்களாம். நம் சட்டமன்றத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு வருமா? (வாசகர், தொண்டி)

பதில்: வருவது இருக்கட்டும். ‘சாட்சியம்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்காகவே உங்கள் கடிதத்தை எடுத்து வைத்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது வேண்டுமென்றால் நமக்கு வாயில் வருவது ‘மனு’. இந்தப் பக்கத்தில் நான் பல வருடங்களாகச் சண்டை போட்டுவரும் சொல் அது. திங்கட்கிழமை விடிந்தால் கலெக்டர் அலுவலகத்தில் வரிசை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தவர்கள், ‘ஐயா கருணை கூர்ந்து’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரசீதோடு திரும்புகிறார்கள். மனு கொடுப்பவர் கெஞ்ச வேண்டும். சாட்சி சொல்பவர் கண்டதைச் சொன்னால் போதும். கேட்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். அங்கே பல இடங்களில் பள்ளிகள் உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி நடக்கின்றன. ஏழை வட்டாரத்துப் பள்ளிக்கூடம் ஏன் ஏழையாகவே இருக்கிறது என்று சொல்ல அந்த இரண்டு நிமிடத்துக்காகத் தலைநகர் வரை போகிறார்கள்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். பள்ளிக்கூட விஷயத்தில் சாட்சிக்காரி, பெற்ற தாய். அவர் யார் காலிலும் விழ வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடலில் பாசி எடுத்துவிட்டு நேரே வந்திருந்தார் ஓர் அம்மா. சேலைக் கரை ஈரம். பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. தீர்மான நோட்டை நீட்டினார்கள். மேலே தேதி, கீழே ஒன்றுமில்லை. ‘இங்கே போடுங்கள் அம்மா.’ வலக்கைத் துணியை அவிழ்த்துக் கையெழுத்துப் போட்டார். தாளில் உப்புத் தண்ணீர் ஊறியது.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: ‘மீன்பிடித் தடை ஜூன் 14 வரை. பள்ளிக்கூடம் அதற்கு முன்பே திறந்துவிடுகிறது. கையில் காசு இல்லாத நேரத்தில்தான் பெரியவனை ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊரில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இல்லை. அன்றைக்கு நின்றவன், இப்போது படகில் போகிறான்.’

எந்த அதிகாரியின் கோப்பிலும் இவ்வளவு தெளிவான சாட்சியத்தை நான் படித்ததில்லை. அது அந்த நோட்டில் ஏறவில்லை என்பதை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவைப் பாருங்கள். அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 22ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்தக் குழு தயாரிக்கும் பள்ளி வளர்ச்சித் திட்டமே அரசின் மானியத்துக்கு அடிப்படை. 2024-25இல் பள்ளிக் கல்விக்கான மத்திய அரசுத் திட்டமான சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய நிதி 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் நின்றது என்று டெல்லியும் சென்னையும் வாதாடின. அந்தப் பணம் எதற்கு வேண்டும் என்று பாசி எடுக்கும் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

சட்டமன்றம் கூப்பிடட்டும், நல்லதுதான். அதுவரை காத்திருக்காதீர்கள். அடுத்த கூட்டத்தில் நோட்டு உங்களிடம் வரும்போது, எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒரு வரி குறைக்காமல் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.