டொலேடோ நகரத்தைத் தாஹோ ஆறு ஏன் மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது?

ஸ்பெயினின் டொலேடோவுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் எழும் கேள்வி இது. ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தை ஆற்று வளைவு என்கிறோம். சமவெளியில் இது சாதாரணம். டொலேடோவிலோ அந்த வளைவு கடினமான பாறைக்குள் ஆழமாக இறங்கியிருக்கிறது.

காரணம், ஆறு முதலில் மேலே படிந்திருந்த மென்மையான மண்ணடுக்கில்தான் வளைந்து ஓடியது. மண் அரித்துப்போக, அடியிலிருந்த பாறை வந்தது. அதற்குள் தடம் பதிந்துவிட்டதால் விலகிப்போக வழியில்லை. மரத்தில் ரம்பம் ஒருமுறை பள்ளம் பதித்துவிட்டால், உள்ளே கணு வந்தாலும் அதே கோட்டில்தான் இறங்கும் அல்லவா? அப்படித்தான்.

மூன்று பக்கம் பள்ளத்தாக்கு இருந்தால் காவல் எளிது. ரோமானியர், விசிகோத்துகள், முஸ்லிம் அரசர்கள், கிறிஸ்தவ அரசர்கள் என எல்லோரும் இந்தக் குன்றையே விரும்பினார்கள். 1986-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

தேவாலயத்தையும் அல்காசர் கோட்டையையும் பார்த்தவுடன் பலர் மத்ரித்துக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. அல்காந்தரா பாலத்தைக் கடந்து தென்கரையின் மிராதோர் தெல் வாயே மேட்டுக்கு அவசியம் போங்கள். வளைவு முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான்.

இதைப் பகைவரைத் தடுக்க மனிதர்கள் வெட்டிய அகழி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பள்ளத்தாக்கு முழுவதும் ஆறே அரித்தது.