வின்ச் பம்பர் செய்யக் கொடுக்கும் முன்

கேள்வி: டொயோட்டா ஹைலக்ஸ் வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு சானி கணவாய் ஏறி லெசோத்தோ போய்வருவோம். போன மழையில் சேற்றில் மாட்டிக்கொண்டதிலிருந்து வின்ச் (மாட்டிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டார் உருளை) வைக்கும் எண்ணம். டர்பனில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் என் வண்டிக்கென்றே பம்பர் செய்து தருகிறேன் என்கிறார். பாதிப் பணம் முன்னாலேயே வேண்டுமாம். சரியில்லை என்றால் பணம் திரும்பி வருமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: மனம் மாறி வேண்டாம் என்றால் சட்டம் துணைக்கு வராது. வேலையில் குறை இருந்தால் வரும். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முன்பதிவையோ ஆர்டரையோ ரத்து செய்யும் உரிமையை 17-ஆம் பிரிவில் தருகிறது. ஆனால் ஒருவர் சொல்லி அவருக்கென்றே செய்த பொருளுக்கு அது கிடையாது. தரக்குறை விஷயம் வேறு. 56-ஆம் பிரிவின்படி, கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று முடிவு செய்வது நீங்கள்தான், பட்டறைக்காரர் இல்லை.

சரி, எது குறை? அங்கேதான் பலர் தோற்கிறார்கள். விலைச்சீட்டில் 'பம்பர், வின்ச் பொருத்தி' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் எதை வைத்து வாதாடுவீர்கள்? முன்பணத்துக்கு முன் ஒரு வரைபடம் கேளுங்கள். வின்ச் உட்காரும் தட்டின் கனம், போல்ட்டின் தரம், பம்பரின் மொத்த எடை எல்லாம் அதில் எழுத்தில் இருக்கட்டும். பம்பர், வண்டியின் அடிக்கூடான சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் போல்ட் போட்டுப் பிணைய வேண்டும். வின்ச் இழுக்கும் பாரம் முழுவதும் அந்த இணைப்பில்தான் விழும். முன்பக்கம் மோதலில் நசுங்குவதற்கென்றே செய்த பாகத்தை வெட்டுவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏர்பேக் விரியும் நேரம் அதைப் பொறுத்தது.

வின்ச்சின் பலம் வண்டியின் முழுப் பாரத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். சாமானோடு 2,900 கிலோ என்றால் 4,350 கிலோ. 9,500 பவுண்டு வின்ச் அதற்குக் கொஞ்சம் குறைவு, 12,000 பவுண்டு தாராளம். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் உருளையில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைக்கும் பலம்தான். மேலே அடுக்கடுக்காக ஏற ஏற இழுவை குறைந்துகொண்டே போகும்.

என் தம்பி செய்துவாங்கிய பம்பர் பார்க்க அவ்வளவு அழகு. மலைப்பாதையில் கயிற்றை இழுக்கப் போனபோதுதான் தெரிந்தது, கயிற்றை விடுவிக்கும் வின்ச்சின் கிளட்ச் நெம்புகோல் பம்பரின் கம்பிச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இரண்டு விரல் நுழையும், திருப்ப முடியாது. மழையில் நனைந்தபடி சட்டத்தைக் கழற்றினோம். அதனால் வண்டியை எடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். பார்த்துச் சரிபார்க்க நேரம் கேட்பது 19-ஆம் பிரிவு தரும் உரிமை. கையுறை போட்டுக்கொண்டு நெம்புகோலைத் திருப்புங்கள், கயிறு முழுவதையும் வெளியே விடச் சொல்லுங்கள். அப்புறம் டார்ச்சோடு குனிந்து பின்பக்க வெல்டிங்கைப் பாருங்கள். மீன் செதில் போல ஒரே சீராக இருக்க வேண்டும். நம் கடற்காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பது பெயின்ட் சரியாக ஏறாத அந்த மூலைகள்தான்.

இன்சூரன்ஸுக்கு மறக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். பின்னால் ஏதாவது பொருந்தவில்லை என்று தோன்றினால் நீங்களே துளை போட்டுவிடாதீர்கள். முதலில் படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புங்கள். நீங்கள் கைவைத்து மாற்றிய பொருளுக்கு அந்த 6 மாத உரிமையைக் கேட்பது கஷ்டம்.