டிரம் சத்தத்தைக் காணோம், காசையும் காணோம்: மிலிட்டரி பேண்ட் ரெக்கார்டு வாங்குறவங்களுக்கு கேள்வி-பதில்

கேள்வி: மார்ச் பாட்டு, அதான் ராணுவ அணிவகுப்பு இசை, கேட்கணும்னு பிராஸ் பேண்ட் சிடி வாங்கினேன். கிளாரினெட், ஃப்ளூட் எதுவுமே இல்ல. ரீஃபண்ட் கேட்கலாமா?

பதில்: முடியாது. பிராஸ் பேண்டுன்னா பித்தளை வாத்தியமும் டிரம்மும்தான், கிளாரினெட் வேணும்னா மிலிட்டரி பேண்டுன்னு போட்டிருக்கறதைத்தான் தேடணும். அட்டையில இருந்ததை நீங்க படிக்கல, அவ்ளோதான்.

கேள்வி: அப்பாவுக்கு 84 வயசு, ராணுவ பேண்டுல கிளாரினெட் வாசிச்சவர். அவரோட ரெஜிமெண்ட் பேண்ட் சிடி, "ஒரிஜினல், சீல் உடைக்காதது"ன்னு ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தேன். பாதியில நின்னு நின்னு ஓடுது. விக்கிறவர் "உங்க பிளேயர்தான் கோளாறு"ங்கிறார்.

பதில்: சிடியைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்துல பாருங்கம்மா. கம்பெனியில அச்சடிச்சதுன்னா பளபளன்னு வெள்ளியா இருக்கும், வீட்டு கம்ப்யூட்டர்ல எழுதினதுன்னா பெரும்பாலும் லேசா ஊதாவோ பச்சையோ அடிக்கும். உங்களுது ரெண்டாவது ரகம்னா ஒரிஜினல்னு சொல்லி உங்களை ஏமாத்திட்டாங்க. அடிப்பக்கம், அட்டை, வந்த கவர் மூணையும் போட்டோ எடுத்து, விளம்பரத்துல "ஒரிஜினல்"னு போட்டிருக்கிறதை ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து, வாங்கின சைட்டுலயே புகார் போடுங்க. பணம் வர்ற வரைக்கும் சிடியைத் திருப்பி அனுப்பாதீங்க, சைட்டே ரிட்டர்ன் கேட்டா மட்டும் அவங்க வழியா அனுப்புங்க. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

கேள்வி: "சூசாவே நடத்திய 1900களின் அரிய பதிவுகள்"னு ஒரு பாக்ஸ் செட் வாங்கினேன். டிரம்மே சரியா கேட்கல. டிஃபெக்ட் பீஸா?

பதில்: டிரம்முக்கு டிஃபெக்ட் இல்ல. 1925 வாக்குல மைக் வச்சு எலக்ட்ரிக்கலா ரெக்கார்டு பண்ண ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு பெரிய கூம்புக் குழாய் முன்னாடி ஆளுங்க நெருக்கியடிச்சு நின்னு வாசிச்சாங்க, பாஸ் டிரம் அடிச்சா அந்தக் குழாய்ல ஒழுங்கா ஏறாது, அதனால பல நேரம் அதை விட்டுடுவாங்க, பேண்டையே சின்னதாக்கிடுவாங்க. என் கோபம் அந்த "சூசாவே நடத்திய"ங்கிற வரி மேலதான். சூசாங்கறவர் மார்ச் பாட்டுக்குப் பேர் போன அமெரிக்க இசையமைப்பாளர், சொந்தமா பேண்டும் நடத்தினவர். அவருக்கு ரெக்கார்டிங்னாலே ஆகாது, 1906ல "டப்பாவுல அடைச்ச மியூசிக்"னு திட்டி கட்டுரையே எழுதினவர், அவர் பேண்டோட பேர்ல வந்த தட்டுகள்ல அவரே நின்னு நடத்தினது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வேற ஆளுங்க நடத்தினது. ஆனா அட்டையைப் பாருங்க, அவர் படம்தான் இருக்கும்! எந்த பேண்ட், எந்த வருஷம், யார் நடத்தினதுன்னு எழுதாத சிடியை நான் தொடுறதே இல்ல. தொட்டு சூடு பட்டவன்தான் நானும். "நூறு மார்ச்"னு அஞ்சு சிடி செட் ஒண்ணு வாங்கி, முதல் பாட்டுலயே கீபோர்டு சத்தம் கேட்டுச்சு, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பேண்ட் பேரே எங்கயும் இல்ல. இன்னிக்கும் அந்த செட் என் மேஜை ஆடாம இருக்க அடியில கிடக்கு.

கேள்வி: பழைய 78 ஆர்பிஎம் மார்ச் தட்டுகள் பத்து வாங்கினேன். என் எல்பி பிளேயர்ல கரகரன்னு இருக்கு, ஸ்லோவாவும் ஓடுது. விக்கிறவர் மோசடிக்காரர்.

பதில்: 33 வேகத்துல ஓட்டினா ஸ்லோவாத்தான் ஓடும் சார். 78 தட்டோட பள்ளம் அகலம், அதுக்கான ஊசிமுனை எல்பி ஊசியை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு தடிமன். மெல்லிசு ஊசி பள்ளத்தோட அடியில இருக்கற குப்பையை எல்லாம் சுரண்டும். முதல்ல பிளேயர்ல 78 வேகம் இருக்கான்னு பாருங்க, ஊசியை மாத்துங்க, அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பும் கேளுங்க.

கேள்வி: அமெரிக்க மரீன் பேண்டோட புது ரெக்கார்டிங் எங்க சீப்பா கிடைக்கும்?

பதில்: சும்மாவே கிடைக்கும். அரசாங்க பேண்ட், 1880லேர்ந்து 1892 வரைக்கும் சூசாவே தலைமை தாங்கின பேண்ட். அவர் மார்ச்களை எல்லாம் 2015லேர்ந்து வரிசையா வாசிச்சு நோட்ஸோட அவங்க சைட்டுல இலவசமாப் போட்டிருக்காங்க. இதையே சிடியில போட்டு யாராவது உங்களுக்கு வித்தா, வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்.

கேள்வி: "கர்னல் போகி மார்ச், ரிவர் க்வாய் படத்தின் ஒரிஜினல், 1920களின் தட்டு"ன்னு விக்கிறாங்க. வாங்கலாமா?

பதில்: மார்ச் வந்தது 1914, படம் வந்தது 1957. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.